அண்ணன் நுழையாத அறை

மோத்துஹிவா தீவில் பன்றிக்கு வயது கேட்பார்கள், படகுக்கு வயது கேட்பார்கள், கல்யாணமாகாத பெண்ணுக்கு நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஃப்ரீசருக்கு வயது என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஃப்ரீசர் வைத்திருப்பவரிடம் கேட்கிற ஒரே கேள்வி, "எங்க மீனுக்கு இடமிருக்கா?" என்பதுதான்.

அந்தக் கேள்வி அதிகம் கேட்கப்பட்ட வீடு எசெத்தாவுடையது. அவளுடைய ஃப்ரீசர், ஆக்லாந்திலிருந்த அத்தை பயன்படுத்திச் சலித்துப்போய்க் கப்பலேற்றி அனுப்பியது. வரும்போதே கிழடு. மூடியின் கீல் துருப்பிடித்து உதிர்ந்ததும் அவள் புருஷன் லிசியாத்தே அதைப் படகுக் கயிற்றால் கட்டிவைத்தான். மூடி எழும்பாதிருக்க மேலே ஒரு சிமெண்ட் கல். எப்போதாவது அது மௌனமாகிவிட்டால் இடப்பக்கம் முழங்காலால் ஓர் இடி. இருமிவிட்டு மறுபடி ஓடும். புயலில் வீட்டுக் கூரை பறந்துபோய் அடுத்த தோப்பில் விழுந்த நாளிலும் அது ஓடியது. கிழட்டுப் பாதிரியார் இறந்து, அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வரும்வரை உடலைக் கெடாமல் காத்தது அந்தப் பெட்டியின் பனிக்கட்டிதான். கல்யாணப் பன்றி, சாவு வீட்டுப் பன்றி, கோயில் விருந்து மீன் எல்லாம் அதற்குள் பேதமின்றிப் படுத்திருந்தன.

இப்படி இருக்கையில்தான் குளிர்ச்சிப் புத்தாக்க இயக்கம் கப்பலில் வந்து இறங்கியது.

இயக்கத்துக்குத் தலைவர் டாக்டர் பெனிசோனி. இதே நாட்டில் பிறந்து, பால் குடிக்கிற வயதிலேயே ஆக்லாந்து போய் வளர்ந்தவர். பெரியவர்கள் முன் மரியாதைக்காக இடுப்பில் உடுத்தும் பாயை முறைப்படி சுற்றியிருந்தார். கடை மடிப்பு இன்னும் கலையாத பாய். டாக்டர் என்று கேள்விப்பட்டு முழங்கால் வலிக்காரர்கள் காலையிலேயே துறைமுகத்தில் வரிசை கட்டியிருந்தார்கள். அவர் தான் பார்க்க வந்தது மனிதர்களை அல்ல, அவர்களுடைய சாதனங்களை என்று விளக்கியதும் வரிசை நொண்டிக்கொண்டே கலைந்தது.

வீடு வீடாகப் போனார். எசெத்தாவின் சமையல் கொட்டகையில் ஃப்ரீசரின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது எவ்வளவு பழசும்மா?"

"தெரியாதுங்க. எங்க அத்தைக்குச் சொந்தப் பல்லு இருந்த காலத்துல வாங்கினது."

"ஓடுதா?"

"ஓடுதே!"

பெனிசோனியின் முகம், கெட்ட செய்தி சொல்லப்போகிற வைத்தியரின் முகம்போல ஆயிற்று. "அதான் எனக்குக் கவலை. ஓடாத பெட்டியால யாருக்கும் கெடுதல் இல்ல. அது தன் கடமைய முடிச்சிட்டுப் போயிருச்சு. ஓடுற பெட்டிதான் மனுஷன ஏமாத்துது. இன்னும் வேலை செய்யுறேன்னு நம்ப வைக்குது."

"வேலை செய்யுதுங்களே ஐயா. உள்ள கைய விட்டுப் பாருங்க."

"விட மாட்டேன். தொட்டுப் பார்த்தா எனக்கே ஒரு பாசம் வந்துரும். எங்க வேலையில அது கூடாது."

பெட்டியின் நெற்றியில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டுப் போனார். அதன்மேல் 'ஓய்வு' என்று எழுதியிருந்தது.

அவருக்கு வழிகாட்டிக்கொண்டு கூடவே வந்தவர் ஊர் அதிகாரி மனாசே. எசெத்தாவின் கூடப்பிறந்த அண்ணன். கொட்டகைக்குள் வராமல் வெளியே பலாமர நிழலில் நின்றுகொண்டார். அந்தத் தீவுகளில் அண்ணனைவிடத் தங்கை உயர்ந்தவள். அவளிடம் அவர் 'நீங்க' என்றுதான் பேசுவார். அவள் இருக்கும் இடத்தில் கெட்ட வார்த்தை பேசமாட்டார், கால் நீட்டி உட்காரமாட்டார். அவள் படுக்கும் அறைக்குள், அவளுக்குப் பருவம் வந்த நாளிலிருந்து, கால் வைத்ததில்லை. அங்கே எந்த அண்ணனும் வைத்ததில்லை. எரிகிற வீட்டிலிருந்து தங்கையைக் காப்பாற்ற அவள் புருஷனைத் தேடி ஓடிய அண்ணன்களின் கதைகூட அங்கே உண்டு.

பெட்டிகளை வழியனுப்பும் விழா கோயில் மைதானத்தில் நடந்தது. சிவப்புத் தாள் ஒட்டிய ஃப்ரீசர்கள், துணி துவைக்கும் மெஷின்கள், ரேடியோக்கள், இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் புல்வெளியில் வரிசையாக நின்றன. எதிர் வரிசையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுப் பெட்டிகள். பெனிசோனி மேடையேறினார்.

"அன்பான மக்களே! பழசு ஓடிக்கிட்டே இருந்தா புதுசோட தேவை யாருக்கும் தெரியாது. தேவை தெரியாதவங்களுக்கு உதவி பண்றது எவ்வளவு கஷ்டம்னு எங்க தலைமையகத்தக் கேட்டாத் தெரியும். அதனால முதல்ல தேவைய உண்டாக்கணும். அதுக்கான கருவி இதுதான்!"

டிரில் மெஷினை உயர்த்திக் காட்டினார். கைதட்டல் கேட்டது. விருந்துக்குப் பன்றி வெந்துகொண்டிருந்த வாசனை அப்போது மைதானத்துக்கு வந்திருந்தது. கைதட்டல் எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பெட்டியின்மேல் கை வைத்து உறுதிமொழி சொல்லவேண்டும். "நீ எனக்கு உழைக்கவில்லை. நான்தான் உனக்கு உழைத்தேன். உன்னை விடுவிக்கிறேன்." சொல்லி முடித்ததும் இயக்கத்தின் ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் அதன் இதயத்தில் துளை போடுவார். வாயு சீறிக்கொண்டு வெளியேறும். கிழவி ஒருத்தி தன் ரேடியோவுக்கு உறுதிமொழி சொல்லும்போது அழுதுவிட்டாள். அதை நெகிழ்ச்சி என்று பதிவு செய்தார்கள்.

எசெத்தாவின் முறை வந்தபோது அவளும் லிசியாத்தேவும் ஒரு பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். மூடியில் கயிறு, மேலே சிமெண்ட் கல், நெற்றியில் சிவப்புத் தாள். ஆனால் அது அவளுடைய பெட்டி இல்லை. லிசியாத்தேவின் சித்தப்பா வீட்டுப் பின்புறம் கோழி அடைந்துகொண்டிருந்த பெட்டி, என்றைக்கோ செத்துப்போனது. துளை போட்டபோது அதிலிருந்து காற்றுகூட வரவில்லை. ஒரு முட்டை மட்டும் உருண்டு வந்தது.

பெனிசோனி குனிந்து பார்த்தார். "பார்த்தீங்களா? சீற்றமே இல்ல. அமைதியாப் போகுது. பக்குவப்பட்ட பெட்டி."

உண்மையான பெட்டி எசெத்தாவின் படுக்கையறையில், சீதனப் பாய்களின் குவியலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வைக்கலாம் என்று யோசனை சொன்னவள் எசெத்தாவேதான். "ஊர்ல யாரு வந்து தேடினாலும் அண்ணன்தான் முன்னால வரணும். அண்ணன் இந்தத் திரையத் தாண்டமாட்டாரு" என்றாள். அறைக்குக் கதவு கிடையாது. பூப்போட்ட துணித்திரை ஒன்றுதான்.

புதுப் பெட்டிகள் அழகாக இருந்தன. வெள்ளையாக இருந்தன. மூடியைத் திறந்தால் ஒரு பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. குளிரத் தொடங்குமுன் அது எங்கோ கடல் கடந்திருந்த அலுவலகத்தைக் கூப்பிட்டு அனுமதி கேட்கும். அனுமதி வந்தால் குளிரும். முதல் மழைக்காற்றில் தீவின் ஒரே செல்போன் கோபுரம் சாய்ந்தது. பெட்டிகள் அலுவலகத்தைக் கூப்பிட்டன, பதில் வரவில்லை, மறுபடி கூப்பிட்டன. பிறகு ஒவ்வொன்றாக, மீனோடும் இறைச்சியோடும், தம்மைத் தாமே பூட்டிக்கொண்டன.

சில நாளில் நாய்களெல்லாம் வீட்டு வாசல்களில் வந்து பக்தியோடு உட்கார்ந்தன. அப்புறம் வந்த வாடையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது.

அடுத்த கப்பலில் பெனிசோனி வந்தார். மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு பார்வையிட்டார்.

"பெட்டி கெட்டுப்போச்சுங்க" என்றார் மனாசே.

"கெட்டுப்போகல. காத்திருக்கு."

"உள்ள இருக்கிற மீனு காத்திருக்கலீங்களே."

"மீன் எங்க திட்டத்துல வராது" என்றார் பெனிசோனி, அன்பாகவே. கோபுரம் இன்னொரு இயக்கத்தின் பொறுப்பு என்றும், அவர்களோடு தங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்றும் சொல்லிவிட்டுக் கப்பலேறினார்.

அதற்குப் பிறகு தீவில் பாய் முடைவது இதுவரை காணாத அளவுக்குச் செழித்தது. பெண்கள் காலையும் மாலையும் சுருட்டிய பாய்களைத் தலையில் வைத்துக்கொண்டு எசெத்தாவின் வீட்டுக்குப் போனார்கள். போகும் பாய் கனமாக இருந்தது. வரும் பாய் இலேசாக இருந்தது. சில சமயம் வால் தெரிந்தது. மருத்துவமனை நர்ஸும் ஒரு பாயோடு வந்தாள். மருத்துவமனைப் பெட்டியையும் இயக்கம் மாற்றியிருந்தது, அதுவும் பூட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பையை மட்டும் அதற்குள்ளிருந்து கடப்பாரை போட்டு மீட்டிருந்தாள். அதில் குழந்தைகளுக்கான தடுப்பூசியும், மனாசேயின் மனைவி கலோலைனேக்குத் தினம் போட்டாக வேண்டிய இன்சுலினும் இருந்தன. உறைந்துவிடாதிருக்கப் பையைப் போர்வையில் சுற்றி மூடியோரம் வைத்தாள்.

மனாசே ஞாயிறு மாலைகளில் வந்து முன்கூடத்தில் லிசியாத்தேவோடு உட்காருவார். ஒருநாள் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மச்சான், உள்ள யாரு குறட்டை விடுறது?"

"நான்தான்."

"நீ என் எதிர்ல உக்காந்திருக்கியே."

"பெரிய குறட்டை மச்சான். நான் எந்திரிச்சு வந்தாலும் அது அடங்க நேரமாகும்."

மனாசே சிரிக்கவில்லை. திரையின் பக்கம் பார்வை போகாதபடி கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரி. அது குறட்டையா இருக்கிறவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. வேற ஏதாவதா ஆச்சுன்னா என்கிட்ட சொல்லாதே."

பெனிசோனி மூன்றாம் தடவை வந்தபோது, வழக்கமான சிரிப்பு அவரிடம் இல்லை. மைதானத்தில் ஊரைக் கூட்டினார்.

"உங்களுக்கு ஒரு பாராட்டும் ஒரு வருத்தமும் கொண்டு வந்திருக்கேன். பூட்டின பெட்டிங்க துளி கரண்ட்கூட குடிக்கல. எங்க வரைபடத்துல இவ்வளவு சிக்கனமான தீவு வேற இல்ல. ஆனா ஊருக்குக் கரண்ட் தர்ற சூரியத் தகடும் இப்ப எங்க பொறுப்பு. அதோட கணக்குப்படி ஒரே ஒரு இடத்துல ஏதோ குடிச்சிக்கிட்டே இருக்கு." நிறுத்தி எல்லோரையும் பார்த்தார். "யோசிச்சுப் பாருங்க. ஒரு கிழட்டுப் பெட்டி எங்கயோ ஓடுதுன்னா, சும்மா கிடக்கிற புதுப் பெட்டி அத்தனையும் கெட்டுப்போனது மாதிரி தெரியும். அது ஓடாட்டி, கெட்டுப்போனது எதுவுமே இல்ல. எல்லாம் சமமா இருக்கும். நாங்க கேக்குறது அந்தச் சமத்துவம்தான்."

சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்குள் அந்தப் பெட்டி கிடைக்காவிட்டால், தீவின் மின்சாரம் முழுவதையும் நிறுத்திவைக்க நேரும் என்றார். கிணற்றுப் பம்பும் அதில் சேர்த்தியா என்று யாரோ கேட்டார்கள். தண்ணீர் வேறு இயக்கம், பம்பு இவர்களுடையது என்றார்.

பிறகு தேடல் தொடங்கியது. சுவரில் வைத்துக் கேட்கும் ஒரு கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு பெனிசோனி தெருவில் நடந்தார். அவர் நெருங்கிய வீடுகளிலெல்லாம் பெண்களுக்குத் திடீரென்று வேலை வந்தது. மரப்பட்டையைத் துணியாக்கும் கட்டைகளை எடுத்து அடிக்க ஆரம்பித்தார்கள். டம், டம், டம். ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் தொடங்கும். ஊரே ஒரு பெரிய நெஞ்சுபோல அடித்துக்கொண்டது. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எசெத்தாவும் தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அடித்தாள். பட்டை கிழிந்து கந்தலான பிறகும் அடித்தாள்.

பெனிசோனி அவள் முற்றத்துக்கு வந்து கையை உயர்த்தினார்.

"இயக்கத்தின் விதிப்படி இப்போ கேட்கும் நேரம். ஊர் அதிகாரி, அடிக்கிறத நிறுத்தச் சொல்லுங்க."

மனாசே சொல்லவில்லை. பெனிசோனி கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"நிறுத்துங்க" என்றார் மனாசே, தரையைப் பார்த்து. "எல்லாரும் நிறுத்துங்க."

கட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. தீவின் மறு கோடியில் கடைசிக் கட்டையும் நின்றது. அலைகூடத் தாழ்ந்திருந்த நேரம். திரைக்குப் பின்னாலிருந்து அந்த உறுமல், யாருக்கும் பயப்படாமல், தெளிவாகக் கேட்டது.

பெனிசோனி முன்கூடத்தின் விளிம்பில் செருப்பைக் கழற்றினார். ஆனால் உள்ளே போகவில்லை.

"நான் நுழையமாட்டேன். எங்க விதி ரொம்பக் கண்டிப்பு. வெளியாள் போய்த் தேடினா அது அத்துமீறல். ஊரே தேடினா அது பங்கேற்பு. போங்க, ஊர் அதிகாரி."

"ஐயா, அது தங்கச்சி படுக்கிற அறை."

"தெரியுமே! உங்க பண்பாட்டைப் பத்தி ஒரு வகுப்பே முடிச்சிருக்கேன். அண்ணன் நுழையாத இடம். அதனாலதான் அங்க இருக்கும்னு கண்டுபிடிச்சேன். பண்பாடு படிச்சதோட பலன்."

"அப்ப வேற யாரையாவது அனுப்புங்க. கிழவி யாராச்சும் போகட்டும்."

"வேற யாரு போனாலும் அது சோதனை. நீங்க போனாத்தான் சம்மதம். எங்களுக்கு வேண்டியது சம்மதம்."

லிசியாத்தே பவழப்பாறைக்கு அப்பால் வலை போட்டுக்கொண்டிருந்தான். எசெத்தா எழுந்து போய்த் திரையின் முன் நின்றாள்.

"அண்ணே. உள்ள அண்ணியோட மருந்து இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பம்பு நின்னா ஊர் முழுக்கக் குடிக்கத் தண்ணி இல்ல. மருந்துன்னா அவளைப் படகுல ஏத்திக்கிட்டு எங்கயாவது போவேன். ஊரை ஏத்த எனக்குப் படகு இல்ல. நீங்க கொஞ்சம் வெளிய வந்துருங்க."

"நான் வெளிய வந்தா அது வெறும் அறை ஆயிரும். நான் இங்கதான் நிப்பேன். போறதுன்னா என்னைத் தாண்டிப் போங்க."

முற்றத்தில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மனாசே தொப்பியைக் கழற்றினார். செருப்பைக் கழற்றினார். இடுப்புப் பாயை அவிழ்த்து, மடித்து, படியில் வைத்தார். மரியாதைக்கு உடுத்துவதை உடுத்திக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கண்ணை மூடியபடியே தங்கையின் தோளை ஒட்டி நகர்ந்து திரைக்குள் போனார். எதையும் பார்த்துவிடக்கூடாது என்று கைகளை மட்டும் முன்னால் நீட்டித் துழாவினார். ஏதோ கவிழ்ந்தது, சீப்பும் எண்ணெய்க் குப்பியும் உருளும் சத்தம். அவர் கை கொடியில் தொங்கிய உடுப்பில் பட்டு, நெருப்பில் பட்டதுபோல் பின்வாங்கியது. உறுமலைக் கேட்டுக் கேட்டு அந்தப் பக்கம் போனார். பாய்களைத் தொட்டார். ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினார்.

ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் பெட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். நீண்ட மின்கம்பியில் அது அங்கேயும் ஓடிக்கொண்டே இருந்தது. மனாசே கண்ணை மூடியபடியே, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அருமை!" என்றார் பெனிசோனி. போனை உயர்த்தினார். "ஒரு படம். கண்ணத் திறங்க, ஊர் அதிகாரி. கண்ணு மூடியிருந்தா பங்கேற்பு மாதிரி தெரியாது."

மூடியைத் திறந்தபோது ஊரின் மீனெல்லாம் உள்ளே வெள்ளை பூத்துக் கிடந்தது. நர்ஸ் தன் பையை எடுத்துக் காட்டினாள். பெனிசோனி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இது சுகாதாரம், நாங்கள் குளிர்ச்சி என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். அவள் அதை ஒரு வாளிப் பனிக்கட்டியில் புதைத்துக்கொண்டு நிழலுக்கு ஓடினாள்.

உறுதிமொழி சொல்லவேண்டியவள் எசெத்தா. "நீ எனக்கு உழைக்கவில்லை" என்று தொடங்கிவிட்டு நின்றுவிட்டாள். மறுபடி தொடங்கினாள். முடியவில்லை. அதனால் அவளுக்குப் பதிலாக பெனிசோனியே சொன்னார். விதியில் அதற்கும் இடமிருந்தது. டிரில் இறங்கியபோது பெட்டி நீண்ட நேரம் சீறியது. நாய்கள் எழுந்து நின்றன.

லிசியாத்தே வலையோடு கரையேறியபோது ஊரே மண்ணடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. இருந்த மீனையெல்லாம் அன்றைக்கே சமைத்தாகவேண்டும். எல்லோரும் சாப்பிட்டார்கள், யாரும் பாடவில்லை. சாவு வீட்டில்கூட யாராவது பாடுவார்கள். மனாசே மட்டும் வரவில்லை. எசெத்தா ஓலைக்கூடையில் சோறும் மீனும் கட்டி அனுப்பினாள். கூடை அப்படியே திரும்பி வந்தது. அவள் அன்று தன் அறையில் படுக்கவில்லை. கவிழ்ந்த குப்பியின் எண்ணெய் தரையில் ஊறிக் கிடந்தது, துடைக்கவும் இல்லை. முன்கூடத்தில் புருஷனோடு தலை சாய்த்தாள்.

"பெட்டிதானே புள்ள" என்றான் லிசியாத்தே. "வேற கிடைக்காதா?"

"பெட்டியப் பத்தியா நான் யோசிக்கிறேன்?" என்றாள் அவள்.

இயக்கத்துக்கு மோத்துஹிவா மிகவும் பிடித்துப்போயிற்று. குளிர்ச்சிக்கு மின்சாரச் செலவு சுத்தமாக இல்லாத முதல் தீவு அது. குடும்ப அளவிலான பங்கேற்பில் இதுவரை எட்டாத ஆழம் எட்டப்பட்டது என்று பெனிசோனி தலைமையகத்துக்குச் சொன்னார். மற்றத் தீவுகளிலும் இப்படிப் பெட்டிகள் தங்கைகளின் அறைகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் உதித்தது. அந்தத் தீவுகளின் ஊர் அதிகாரிகளும் யாருக்காவது அண்ணன்மார்தான். அவர்களுக்குப் பழக்கிக் கொடுக்க அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். பெரிய தீவில் வீடும், அங்கே ஆஸ்பத்திரியில் கலோலைனேக்கு மருந்தும் தருவதாகச் சொன்னார்கள்.

மனாசே ஒப்புக்கொண்டார்.

கப்பல் வந்த காலையில், துறைமுகத்தில் அவர் இயக்கத்தின் அதிகாரிகள் போடும் வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். கலோலைனே ஈரத்துணி போர்த்திய மருந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். ஊர் சனம் தள்ளியே நின்றது. பெனிசோனி மட்டும் கப்பல் தட்டிலிருந்து கையசைத்தார். எசெத்தா அண்ணியைக் கட்டிக்கொண்டு, அந்தத் தீவு முறைப்படி கன்னத்தை முகர்ந்தாள். அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் அவள் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அவள் பதில் சொல்லுமுன் பலகையேறிப் போய்விட்டார்.

கப்பல் பாறை வாயைத் தாண்டும்வரை அவள் நின்றாள். லிசியாத்தே பக்கத்தில் வந்தான்.

"அண்ணன் என்ன சொன்னாரு? மன்னிச்சிரச் சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன?"

"இந்த வாரத்துக்குள்ள அறைக்கு ஒரு கதவு போட்டுக்கங்கன்னாரு," என்றாள் எசெத்தா. "உள்பக்கமா தாழ்ப்பாள் வெச்சு."